வாசப்படி தாண்டி வந்த வைஃபை

எங்கள் வீட்டு வைஃபைக்குக் குலசாமியின் பெயரை வைக்கச் சொன்னது நான்தான். பெட்டியைச் சுவரில் மாட்ட வந்த கேபிள்காரத் தம்பி, "இன்னா பேரு போடட்டும்கா? அண்ணன் பேரு போட்டுடவா?" என்று கேட்டார். கண்ணுக்குத் தெரியாமல் சுவரைத் துளைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றப்போகிற ஒன்று. அதற்கு மனுஷன் பெயர் எதற்கு, சாமி பெயர் இருந்தால் கெட்டது எதுவும் அந்த வழியாக வராது என்று எனக்குப் பட்டது. தம்பி சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் அடித்துக் காட்டினார். நான் எட்டாவதோடு நின்றவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, "சரிதான் தம்பி" என்றேன்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். திருக்கனூர் பஸ் வர நேரமானால் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்று நினைப்பேன். கொல்லையில் மோட்டார் ஓடுகிற சத்தம் கொஞ்சம் மாறினால் உள்ளே சுற்றிய காயில் கம்பி எரிந்துவிட்டது என்று ஓடுவேன். இந்த வயதுக்கு மேல் மாற்றிக்கொள்ள முடியும் என்று தோன்றவில்லை.

அந்த வைஃபை வந்ததே என் மகளுக்காக. கட்டிக்கொடுத்த பிறகு அவள் சென்னையில் இருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இனிமேல் குலுங்கக் குலுங்கப் பயணம் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் பார்ப்பது மெடிக்கல் கோடிங் என்கிற வேலை. எங்கேயோ அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் சீட்டுகள் கம்ப்யூட்டரில் வரும். அவற்றைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று போட்டு அனுப்ப வேண்டும். பிரசவம் வரைக்கும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்தவர் நோய் விவரம் என்பதால் கட்டுப்பாடு அதிகம். வேலை நேரத்தில் அந்த அறைக்குள் வேறு ஆள் போகக்கூடாது. செல்போன் உள்ளே இருக்கக்கூடாது. கேமரா என்று எதுவும் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது.

"வேலைய வுட்டுட்டு நிம்மதியா படுத்துக்கினு இரேன்டி" என்று வந்த அன்றே சொன்னேன்.

"சும்மா படுத்துக்கினு இருந்தா போன தடவ நடந்ததையேதாம்மா நெனச்சிக்கினு இருப்பேன்" என்றாள்.

போன தடவை நடந்ததைப் பற்றி இங்கே நிறைய எழுத என்னால் முடியாது. எட்டாம் மாதத்தில் போய்விட்டது. அதற்கு முன்னால் எல்லோரும் ஆசை ஆசையாக வாங்கிக் குவித்திருந்தோம். தொட்டில், கம்பளிக் குல்லா, மணி வைத்த கொலுசு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அதெல்லாம் நடுக்கூடத்தில் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கி மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். எங்கே கொடுத்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதையும் வாங்கி வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற வழக்கம்தான். இந்தத் தடவை அதை அவர் சட்டமாகவே ஆக்கிவிட்டார். "புள்ள சத்தம் காதுல வுழற வரைக்கும் ஒரு நூலு இந்த வாசப்படி தாண்டக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்." நாங்களும் பிறக்கப்போகிற பிள்ளையைப் பற்றிப் பேசாமலேயே நாளை ஓட்டினோம். மாத்திரை போட்டியா, கால் வீங்கியிருக்கிறதா, இதோடு பேச்சு நின்றுவிடும்.

அன்று காலை இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ம்மா, இங்க வாயேன். இது இன்னாது பாரு."

கம்ப்யூட்டரில் வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரிகிற இடத்தைக் காட்டினாள். எப்போதும் அங்கே எங்கள் சாமி பெயர் ஒன்றுதான் இருக்கும். அன்றைக்கு அதற்கு மேலே புதிதாக ஒரு பெயர். பி, சி, ஏ, எம் என்று நான்கு எழுத்து, ஒரு கோடு, பின்னால் சில எண்கள். பக்கத்தில் விசிறி மாதிரி இருக்கிற படம் முழுசாக நிறைந்திருந்தது. பூட்டுப் படம் இல்லை.

"பக்கத்து வூட்டுதா இருக்கும்டி."

"பக்கத்து வூடு எங்கம்மா இருக்குது? முன்னால ரோடு, பின்னால கரும்பு. கரும்புக்கா வைஃபை போட்டாங்க?"

இந்த மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. அவளுக்கு மேலே இருக்கிற டீம் லீடர் அம்மாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அந்த அம்மா நல்ல மாதிரிதான். இருந்தாலும் குரல் மாறிவிட்டது.

"பேருலயே கேம்னு வருதேம்மா. கேமரா மாதிரி இருக்கு. அது என்னன்னு தெரியுற வரைக்கும் நீ லாகின் பண்ணாத. சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சு நிறுத்தினாத்தான் நான் மேல பேச முடியும். இல்லன்னா வீட்டுலேருந்து பார்க்குற பர்மிஷனை எடுத்துடுவாங்க. நீ ஆபீஸுக்கே வர்ற மாதிரி ஆயிடும்."

மகள் போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். சென்னைக்கு எப்படிப் போவாள்? போனால் இந்த ரோட்டில் எத்தனை பள்ளம்? போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் நாள் முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

இதற்கு நடுவில் இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. கேமராவா? எங்கள் வீட்டிலா? யார் வைத்தார்கள்? சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். சாமி படங்களைத் திருப்பிப் பார்த்தேன். ஃபேன் கிண்ணத்துக்குள் ஏதாவது மினுக்குகிறதா என்று முக்காலி போட்டு ஏறினேன். பாத்ரூம் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று ரொம்ப நாளாக இருந்தது. அதில் சோப்பை அழுத்தி அடைத்தேன்.

"ம்மா, எறங்குமா, நீ வுழுந்துடப் போற. அப்புறம் உன்ன யாரு பாத்துக்கறது?" என்று மகள் கத்தினாள்.

இறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டு அக்காவிடம் ஓடினேன். அந்த அக்காவும் நானும் ஒரே வருஷத்தில் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். அவரிடம் எனக்கு ஒளிவு மறைவு இல்லை. சொல்லப்போனால், என் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, கஞ்சி போகத் துவைத்து, மடித்து, அந்த அக்கா பீரோவில்தான் வைத்திருந்தேன். பிறக்கிற பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது, பழந்துணிதான் போடுவார்கள். துணியும் பழசு, வீடும் வேறு வீடு. அதனால் குற்றமில்லை என்று என் மனசுக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

"அக்கா, உங்க வூட்ல புதுசா வைஃபை போட்டிருக்கீங்களா?"

"எங்க வூட்ல போனு பேசணும்னாலே மாடிப்படியில ஏறி நிக்கணும். இதுல வைஃபை ஒண்ணுதான் கொறச்சல். இன்னாடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குது?"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடவே வந்துவிட்டார். வரும்போது முருங்கைக்காய் பறிக்க வாசலில் சாத்தியிருந்த துரட்டுக்கோலையும் எடுத்துக்கொண்டார். வைஃபையைத் துரட்டுக்கோலால் என்ன செய்வார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கேபிள்காரத் தம்பிக்கும் சொல்லியனுப்பினோம். காட்டேரிக்குப்பம் பக்கம் எங்கேயோ கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர் பாதியில் வந்தார். சுவர்ப்பெட்டியைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இது நம்ம பெட்டியிலேருந்து வரலக்கா. வேற ஏதோ ஒரு சாமான் தனியா வுடுது. புது டிவி, வாஷிங்மிஷினு, எதுனா வாங்குனீங்களா?"

"கெரண்டர் கூட பழசுதான் தம்பி."

"செரி, மெயின ஆஃப் பண்ணுங்க. பேரு போச்சின்னா சாமான் வூட்டுக்குள்ள இருக்குது. போவலன்னா வெளிய இருக்குது. அவ்ளோதான் கணக்கு."

மெயினை இறக்கினோம். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, சுவர்ப்பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. குலசாமி பெயர் மறைந்துவிட்டது. அந்தப் புதுப் பெயர் மட்டும் அசையாமல் நின்றது. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

"பாத்தீங்களா, வூட்டுக்குள்ள இல்ல" என்றார் தம்பி. "இப்ப போனக் கையில வச்சிக்கினு நடங்க. கோடு ஏறுற பக்கமாவே போங்க. கொறஞ்சா திரும்பிடுங்க."

மகளின் போனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். பின்னால் தம்பி, அவருக்குப் பின்னால் துரட்டுக்கோலோடு அக்கா. ரோட்டுப் பக்கம் போனால் கோடு குறைந்தது. கூடத்துக்கு வந்தால் ஏறியது. சமையல்கட்டைத் தாண்டிப் பின்வாசலுக்கு வந்ததும் முழுசாக நிறைந்துவிட்டது. எதிரே துணி காய்கிற கொடி, கன்றுக்குட்டி, மோட்டார் கொட்டாய், அதை ஒட்டி ஆள் உயரக் கரும்பு.

மோட்டார் கொட்டாயை யாரும் பொருட்படுத்தவில்லை. உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டியும் நாலு பழைய பைப்பும்தான். தவிர, போன வாரம்தான் என் வீட்டுக்காரர், "கொட்டாய்ல பாம்பு பூந்துக்கினு இருக்குது, யாரும் கிட்ட போவாதீங்க" என்று சொல்லியிருந்தார். அதிலிருந்து நான் அந்தப் பக்கம் துணி காயப்போடுவதைக்கூட விட்டிருந்தேன். எங்கள் எல்லோர் கண்ணும் கரும்பின்மேல்தான் போனது.

"கரும்புக்குள்ள எவனாவது இருக்கானா?" என்று தம்பி மெல்லக் கேட்டார்.

அக்காதான் ஓரமாகப் போய்த் துரட்டுக்கோலை ஓங்கிக்கொண்டு, "எவன்டா அவன்? மானம் ரோஷம் இருந்தா வாடா வெளிய!" என்று சத்தம் போட்டார். ஒரு கீரிப்பிள்ளை வெளியே வந்து, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வரப்பின்மேல் ஓடிப்போனது.

"அது கையில போனு இல்லக்கா" என்றார் தம்பி.

அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடந்தது. மெயினை ஏற்றிவிட்டு, "எதுனா தெரிஞ்சா ஒரு ரிங்கு குடுங்க, ஓடியாறேன்" என்று கிளம்பினார். நானும் அக்காவும் பின்வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். மகள் ஜன்னல் ஓரமாகக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது மதியத்தைத் தொட்டுவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றாள். சென்னைக்குப் போகப் பெட்டியில் துணி எடுத்து வைக்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

அந்த நேரத்தில் மோட்டார் நின்றது. காலையிலிருந்து கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மோட்டாருக்கு வருவது விவசாய லைன், அது தனிக் கம்பி, தனி மீட்டர். வீட்டில் கரெண்ட் இருக்கும்போதே அது போகும், வரும். சத்தம் நின்றதும் பழக்கதோஷத்தில் எனக்குத் திக்கென்றது. காயில் போய்விட்டதா, லைன் போய்விட்டதா?

"ம்மா!" என்று ஜன்னலிலிருந்து மகள் கத்தினாள். "பேரு காணோம்மா! போயிடுச்சி!"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் லைன் திரும்பி வந்து, மோட்டார் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"வந்துடுச்சிம்மா. அதே பேரு."

மெயினை இறக்கினால் வீட்டுக் கரெண்ட்தானே நிற்கும். கொட்டாய் லைன் வேறு என்பது தம்பிக்குத் தெரியாது. தெரிந்த எனக்கு அந்தக் கலவரத்தில் நினைப்பு வரவில்லை.

கொட்டாய் கதவு பெயருக்குத்தான் கதவு. இழுத்தால் திறந்துகொள்ளும். ஆனால் உள்ளே பாம்பு. பாம்பு என்றால் எனக்குப் படத்தில் பார்த்தாலே காய்ச்சல் வரும். மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அக்காவின் புடவை முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கதவை இழுத்தேன். அக்கா துரட்டுக்கோலால் மூலை மூலையாகத் தட்டினார். பைப்பைத் தட்டினார், சாக்கைத் தட்டினார். பாம்பு இல்லை. பல்லி கூட இல்லை. அந்த இடம் அவ்வளவு சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக்கில் இரண்டு ஒயர் சொருகியிருந்தது. பலகையின்மேல் துவைத்த வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, அதில் இரண்டு சாமான் வைத்திருந்தது. ஒன்று கோழிமுட்டை மாதிரி வெள்ளையாக, நடுவில் ஒரு கண்ணாடிக் கண். இன்னொன்று சோப்புப் பெட்டி அளவுக்கு, சின்னத் திரையோடு. பக்கத்தில் அட்டைப்பெட்டி. பெட்டியின்மேல் ஒரு கைக்குழந்தை குப்புறப் படுத்துத் தூங்குகிற படம்.

எனக்குப் புரிய நேரமாகவில்லை. அக்காவுக்கும்தான். அக்கா துரட்டுக்கோலை மெல்லக் கீழே வைத்தார்.

அப்போது மொபெட் சத்தம் கேட்டது. திருக்கனூருக்கு உரம் வாங்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். கொட்டாய் கதவு திறந்திருப்பதைப் பார்த்து, மூட்டையை இறக்காமலே ஓடிவந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாலிபத்தில் துணி மில்லில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வருஷக்கணக்காக நின்றவர். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் பாதிதான் விழும். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மெதுவாகத்தான் பேசுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

"இன்னாங்க இது?" என்றேன், வலது காதுப் பக்கம் போய்.

"மெதுவா பேசுமே, பொண்ணுக்குக் கேட்டுடப் போவுது!" என்றார், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. "பாம்பு இருக்குதுன்னேன், நீ எதுக்கு உள்ள வந்த?"

"பாம்பு எங்கண்ணே இருக்குது? எங்களுக்கும் காட்டேன், கும்புட்டுக்கறோம்" என்றார் அக்கா.

"நீங்கதான ஒரு நூலு உள்ள வரக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"வூட்டுக்குள்ள எங்கமே வந்துச்சி? வாசப்படி தாண்டவே இல்லியே. மோட்டார் கொட்டாய் வூட்டுல சேத்தியா? புதுச்சேரியில வாங்குன கையோட நேரா இங்கதான் கொண்டாந்தேன். ரோட்டுப் பக்கம் கூட வரல, வரப்பு மேலயே சுத்திக்கினு வந்தேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. என் துணி மூட்டை அக்கா பீரோவில் இருக்கும்போது நான் யாரைக் கோபித்துக்கொள்ள?

"எதுக்குங்க வாங்குனீங்க?"

அவர் அந்தச் சின்னத் திரை வைத்ததைக் கையில் எடுத்தார். துண்டால் துடைத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கண்ணு இருக்குதே, அத்த புள்ள பக்கத்துல வச்சிடணும். இத்த என் தலகாணிக்கி அடியில வச்சிக்கணும். புள்ள அழுதா இது ஆடும்மே, செவப்பா லைட்டு எரியும். ராத்திரில பெத்தவ தூங்கட்டும், நீயும் தூங்கு. நான் முழிச்சிப் பாத்துக்கறேன். இந்தக் காத வச்சிக்கினு வேற எப்பிடிப் பாக்கறது? பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தாக்கூட அழுவுறது எனுக்குத் தெரியாதேமே."

அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"வேலை செய்யுதான்னும் பாத்துட்டேன். கன்னுக்குட்டிய கொட்டாய்ல கட்டிட்டு, இத்த எடுத்துக்கினு களத்துமேடு வரைக்கும் போனேன். அது ம்மான்னு கத்துச்சி, இது கையில ஆடுச்சி. காலையில சார்ஜு போட்டேன், அவசரத்துல எடுக்காம போயிட்டேன். அதுக்கு இன்னா இப்ப?"

அதுக்கு என்ன என்று நான் சொன்னேன். அது தனியாக ஒரு வைஃபை விடுகிறது, அது மகளுடைய கம்ப்யூட்டரில் தெரிந்தது, கம்பெனிக்காரர்கள் சென்னைக்கு வரச் சொல்கிறார்கள். அவர் காதில் வாய் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கம்பெனி விஷயத்தை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வேறு ஒன்றில் நின்றுவிட்டார்.

"ஒயரே இல்லியேமே. எப்பிடி உள்ள வரும்?"

"காத்துல வருங்க. சுவத்துல பூந்து வரும்."

"அப்ப வூட்டுக்குள்ள வந்துடுச்சா?"

அவர் கேட்ட விதத்தை எழுதிக்காட்ட முடியாது. உர மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர், அங்கேயே பைப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். "தப்பு பண்ணிட்டனா? நானே தப்பு பண்ணிட்டனாமே?" என்றார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். எனக்குத் தைரியம் சொல்லியே வாழ்நாளைக் கழித்த ஆள் என் எதிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன். எனக்கே அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "நானும் பழந்துணி கிழிச்சி வச்சிருக்கறேன். அக்கா பீரோவுல இருக்குது."

"ரெண்டு மூட்டை" என்றார் அக்கா. "என் பொடவ வைக்க எடமில்ல."

திரும்பிப் பார்த்தால் மகள் கதவருகில் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. வந்திருக்கவே தேவையில்லை, அவள் அப்பா பேசியது ஜன்னலுக்கே நன்றாகக் கேட்டிருக்கும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அட்டைப்பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்தாள். போன தடவை கூடத்தில் கிடந்த சாமான்களைப் பார்த்து அவள் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போதும் அழப்போகிறாள், உடம்புக்கு ஏதாவது வந்துவிடும், இந்தப் பெட்டியை எங்கே ஒளிப்பேன் என்று பார்த்தேன்.

அவள் உள்ளே வந்து அப்பாவின் பக்கத்தில், பைப்பின்மேலேயே உட்கார்ந்தாள்.

"இதுக்குப் போயி பாம்புன்னு சொன்னியாப்பா? அம்மா ஒரு வாரமா கொல்லப் பக்கமே வர்ல."

"அதுக்குத்தாம்மா சொன்னேன்."

"இந்தாண்ட குடு" என்று அந்தத் திரையை வாங்கிக்கொண்டாள். கேமராவைப் பார்த்து லேசாக இருமினாள். திரை நடுங்கி, சிவப்பாக எரிந்து, அணைந்தது. இன்னொரு தடவை இருமினாள். மறுபடியும் எரிந்தது. அப்புறம் அவள் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று எங்கள் பக்கத்திலிருந்து தெரியவில்லை. அந்தத் திரை மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தது.

அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

பிறகுதான் டீம் லீடர் அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். கொட்டாயைக் காட்டினாள், கேமராவைக் காட்டினாள், ஒயரைப் பிடுங்கி, திரையின் பேட்டரியைக் கழற்றிக் காட்டினாள். அப்பாவுக்குக் காது கேட்காததையும் சொன்னாள்.

"அவங்க இன்னா சொல்றாங்க? எங்க பொண்ணு வராது, சொல்லிடு! நான் ஒடச்சிப் போட்டுடறேன்னு சொல்லு!" என்று இவர் நடுவில் சத்தம் போட்டார்.

"உடைக்கல்லாம் வேணாம் சார், பத்திரமா வைங்க" என்றார் அந்த அம்மா. சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. "நான் மேல எழுதிக் கேட்கிறேன். ஒத்துக்குவாங்கன்னு நினைக்கிறேன். ஆனா அவங்க வாயால வரணும்மா."

அது வருகிற வரைக்கும் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். போன் சத்தமிடும்போதெல்லாம் ஓடினேன். ஒன்று ரீசார்ஜ் விளம்பரம், ஒன்று மாப்பிள்ளை, சாப்பிட்டாயா என்று கேட்டு. என் வீட்டுக்காரரும் சாயங்காலம் வரைக்கும் அறைக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். உர மூட்டை மொபெட்டிலேயே கிடந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மகள் அறையை விட்டு வெளியே வந்தாள்.

"ஒத்துக்கிட்டாங்கம்மா. பிரசவ லீவு வரைக்கும் இங்கேயே பாக்கலாமாம். நாளைலேருந்து லாகின் பண்ணலாம்."

நான் அவள் அப்பாவின் காதில் கத்திச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் மூட்டையை இறக்கினார்.

அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வேகவைத்து முறத்தில் கொட்டி வாசலில் வைத்தேன். மூன்று பேரும் உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். மகள்தான் நிறையத் தின்றாள். வந்ததிலிருந்து அவள் அப்படி வாய் நிறையத் தின்று நான் பார்க்கவில்லை. தின்றுகொண்டே அவள் அப்பாவின் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஓங்கிய குரலில் கேட்டாள்.

"ஏம்ப்பா, புள்ளைய எந்த ரூம்ல போடலாம்?"

எனக்குக் கை அப்படியே நின்றது. பிறக்காத பிள்ளையைப் பற்றி, வாசலில் உட்கார்ந்து, ஊர் கேட்க. அவரும் உரித்த மல்லாட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் முறத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். எந்த அறை என்று யோசிக்கிற முகம்.

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "கெழக்கால ரூமுலயே போடுடி! காத்து நல்லா வரும்!"

"அந்தப் பக்கம் கரும்பு இருக்குதேக்கா, கொசு புடுங்கிடும்" என்றேன் நான்.